ஊட்டியிலிருந்து பெங்களூரு: கிராஃப்ட் பீர் பப் சுற்றுக்கு எப்படிப் போவது, எதை வாங்குவது, எதில் ஏமாறக் கூடாது

#1 | சேரிங்கிராஸ்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் மூன்று பேர் பெங்களூரு போகிறோம், இரண்டு நாள். கோயில் குளம் பார்க்க இல்லை. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பப்களைப் பார்க்க. எங்கள் மூவருக்கும் தெரிந்தது டாஸ்மாக் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில் மட்டும்தான். நான்கு கேள்வி:

காரா பஸ்ஸா? இரண்டு நாளில் எத்தனை இடம் தாங்கும்? மெனுவில் வைசன், ஐ.பி.ஏ., ஸ்டவுட் என்று பத்துப் பெயர் இருக்கிறதே, எதிலிருந்து ஆரம்பிப்பது? கடைசியாக, நல்லதாக ஒன்று கிடைத்தால் இரண்டு லிட்டர் ஜாடியில் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

#2 | நெறியாளர்

தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த இழையில் எழுத வேண்டாம். "எங்க ஊர்ல எந்தக் கடையில எது கிடைக்கும்" என்ற கேள்விகளை எடுத்துவிடுவேன்.

#3 | கூடலூர்_கேட்

நாலாவது கேள்விக்கு முதல் பதில்: கூடாது. கர்நாடகச் சரக்கு ஒரு பாட்டிலாக இருந்தாலும் பர்மிட் இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கக்கநல்லா செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கே டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். அங்கே ஜாடியோடு மாட்டினால் டூர் அத்தோடு முடிந்தது.

இப்போது வழி. காரில் போனால் கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டலுப்பேட்டை, நஞ்சன்கூடு, மைசூரு. முதுமலை–பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். திரும்பும் நாளில் மைசூருவில் மாலை 6 மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். குண்டலுப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டே 8.30 ஆக்கினால் அங்கேயே ரூம் போட வேண்டியதுதான். மசினகுடி–கல்லட்டி வழி சுருக்கம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி. அந்த வழியில் ஊட்டியிலிருந்து இறங்க வெளி வண்டிகளை விடுவதில்லை, டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு என்றால்தான் விடுவார்கள். உங்கள் வண்டி வேறு பதிவு என்றால் திரும்பி ஏறும்போது இ-பாஸும் வேண்டும். 2024 மே 7 முதல் அது நடைமுறை.

பைக் யோசனை இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். மைசூரு–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டிலேயே போக வேண்டும், ஊருக்கு ஊர் வேகத்தடை.

பஸ் என்றால் ஒரு பெரிய வசதி உண்டு. ஊட்டி பஸ்கள் பெங்களூருக்குள் நுழைவது மைசூரு ரோடு வழியாக. சாட்டிலைட் பஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே தீபாஞ்சலி நகர் மெட்ரோ, பர்ப்பிள் லைன். அதே லைனில் எம்.ஜி. ரோடு, டிரினிட்டி, ஹலசூரு, இந்திராநகர், கடைசியில் ஒயிட்ஃபீல்டு வரை. பெரும்பாலான பப்கள் இந்த ஒரே கோட்டைச் சுற்றித்தான். எங்கேயும் வண்டி மாற வேண்டியதில்லை.

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இன்னொரு வழி: மேட்டுப்பாளையம் இறங்கி கோவையிலிருந்து வந்தே பாரத். அது பெங்களூரு கன்டோன்மென்ட்டில் விடும். அங்கிருந்து எம்.ஜி. ரோடு ஆட்டோ தூரம்.

#4 | கட்டபெட்டு_காற்று

கார் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் வரைதான் அனுமதி. முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மூன்று பேரில் ஒருவர் குடிக்காமல் இருப்பார் என்று ஊட்டியில் சொல்லிக்கொண்டு போவார்கள். இந்திராநகரில் அந்த ஒப்பந்தம் தாங்காது.

இனி மெனு. டாஸ்மாக் ஸ்ட்ராங் குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் கிளாஸ் ஏமாற்றமாகத்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். அந்த பாட்டிலின் இனிப்பும் கனமும் சர்க்கரையாலும் அதிக ஆல்கஹாலாலும் வருபவை. பப்பில் ஊற்றுவது பெரும்பாலும் 4.5 முதல் 6 சதம். வாசனைதான் அங்கே விஷயம், "ஏறுவது" இல்லை.

முதலில் ஹெஃபவைசன், மெனுவில் சுருக்கமாக வைசன். கோதுமை மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பாதிக்கு மேல் போட்டுக் காய்ச்சுவது, வடிகட்டாமல் மங்கலாகவே ஊற்றுவார்கள். பழுத்த வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும். பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. இரண்டையும் ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. நொதிக்கும் சூடு ஏறினால் வாழைப்பழம் தூக்கலாக இருக்கும், குறைந்தால் கிராம்பு முந்தும். ஒரே பப்பில் போன மாதம் குடித்ததும் இந்த மாதம் குடிப்பதும் வேறாக இருப்பது இதனால்தான்.

அடுத்து பெல்ஜிய விட், இதுவும் கோதுமை பீர்தான். இதில் நிஜமாகவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். இந்திராநகர் 100 அடி ரோட்டில் டாய்ட் பப்பின் 'டின்டின் டாய்ட்' இந்த வகை. நம் வீட்டு மல்லி டப்பாவைத் திறந்த வாசனை லேசாக வரும், மிளகாய் வறுத்த வாசனை வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். அங்கேயே 'பாஸ்மதி பிளாண்ட்' என்று ஒன்று உண்டு. அரிசி சேர்த்தால் பீரின் கனம் குறையும், இனிப்பும் நாக்கில் தங்காது.

கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ.வைக் கடைசிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஹாப்ஸ் என்ற கொடிப் பூவின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டால் அதன்பின் கோதுமை பீர் வெறும் தண்ணீர்தான். மக்ரத் ரோடு ஆர்பர் பப்பின் 'ரேஜிங் எலிஃபன்ட்' கசப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் போதும். அங்கேயே 'பெங்களூர் பிளிஸ்' ஹெஃபவைசனும் உண்டு. டாய்ட்டின் வைசனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோதானது. மெனு அடிக்கடி மாறும், போகும் நாளில் பலகையில் எது எழுதியிருக்கிறதோ அதுதான்.

#5 | சேரிங்கிராஸ்

நன்றி அண்ணா. அப்போ வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிப்பதுதானே வரிசை?

#6 | கட்டபெட்டு_காற்று

இல்லை தம்பி, நிறத்தை வைத்து வரிசை போடக் கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு இது. கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது. 4.5 சதம் டிரை ஸ்டவுட் பார்க்கத்தான் கனம், குடிக்க லேசு. அதையே 8 சதம் பெல்ஜிய டிரிப்பெல் பொன் நிறத்தில் ஜம்மென்று வரும், இரண்டாவது கிளாஸில் காலை வாரும்.

வரிசைக்கு மூன்று கணக்கு: கசப்பு குறைந்தது முன்னால், ஆல்கஹால் குறைந்தது முன்னால், புளிப்பு பீர் இருந்தால் கடைசியில். பலகையில் ஐ.பி.யு. என்று போட்டிருக்கும் எண் கசப்பு அளவு. வைசன் 10–15, பில்ஸ்னர் (வெளிர் லாகர் வகை) 25–40, ஐ.பி.ஏ. 40–70. ஏ.பி.வி. ஆல்கஹால் சதம். இந்த இரண்டு எண்ணும் இல்லாத பலகை என்றால் ஊற்றுபவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கே கொஞ்சம் தெரிந்துவிடும்.

#7 | கேத்தி_கேரட்

ஆறு சின்னக் கிளாஸை மரப்பலகையில் வைத்துப் போட்டோ எடுப்பது டூரிஸ்ட் வேலை. 90 மில்லியில் என்ன தெரியும்? முதல் வாய் வாசனை, இரண்டாவது வாய் கசப்பு, மூன்றாவது வாயில் கிளாஸ் காலி. ஒரு பீர் நன்றாகக் காய்ச்சியதா என்று தெரிய 300 மில்லியாவது குடிக்க வேண்டும். பாதிக் கிளாஸில் சூடு ஏறும்போதுதான் குறை வெளியே வரும்.

#8 | வெலிங்டன்_வளைவு

கேத்தி சொல்வதில் பாதி சரி. சூடு ஏறும்போது குறை வெளியே வரும் என்பது உண்மை. ஆனால் முதல் முறை போகிற மூன்று பேர் ஒரு சாம்பிள் தட்டு வாங்கிப் பங்கு போட்டுவிட்டு, பிடித்ததை ஆளுக்கு ஒரு 300 மில்லி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கணக்கைப் பாருங்கள். ஆறு சாம்பிள், தலா 90 மில்லி, சராசரி 5.5 சதம் என்றால் மொத்தம் 540 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 30 மில்லி, எடையில் 23 கிராம். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ஒரு ஆளே தட்டை முடித்தால் மூன்று மணி நேர வேலை. டாஸ்மாக் ஸ்ட்ராங் 650 மில்லி 7 சதம் என்று வைத்தால் 36 கிராம். "பப்பில் நாலு கிளாஸ் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை" என்பவர் 300 மில்லி கிளாஸில் 5 சதம் குடித்திருந்தால் 47 கிராம் உள்ளே போயிருக்கும், சத்தமில்லாமல்.

அதனால் ஒரு நாளைக்கு இரண்டு இடம். மூன்றாவது இடத்தில் நாக்கு செத்துவிடும். பணம் மட்டும்தான் மிச்சமில்லாமல் போகும்.

இப்போது யாரும் சொல்லாத பகுதி: குழாயும் கிளாஸும். தொட்டியில் எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும் கடைசி பத்து மீட்டர் குழாயில் கெட்டுப்போகும்.

கிளாஸ் வந்ததும் உள்சுவரைப் பாருங்கள். நுரைக்குக் கீழே கண்ணாடியில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழ்கள் நடுவில்தான் ஏறும், ஒவ்வொரு வாய்க்கும் நுரை ஒரு வளையம் விட்டுக்கொண்டே இறங்கும். வளையம் விழாமல் நுரை சரிந்து காணாமல் போனால் "கிளாஸ் மாத்திக் குடுங்க" என்று கேட்கலாம், நல்ல இடத்தில் முகம் சுளிக்க மாட்டார்கள். ஃபிரீசரில் வைத்து வெண்பனி படிந்த மக்கில் தந்தால் வேண்டாம் என்று சாதாரண கிளாஸ் கேளுங்கள். பனி உருகி பீரில் கலக்கும், குளிரில் வாசனை செத்துப்போகும்.

குழாய் சுத்தம் பதினான்கு நாளுக்கு ஒரு தடவை செய்ய வேண்டியது. 2 சதம் காஸ்டிக் கரைசலைப் பதினைந்து நிமிடம் குழாய்க்குள் சுழற்றி, தண்ணீர் விட்டு அலசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் விட்டுக் கல் படிவையும் எடுக்க வேண்டும். செய்யாத குழாயில் பாக்டீரியா பாசி போலப் பிடிக்கும். புளித்த மோர், வினிகர், சில சமயம் வெண்ணெய் வாசனை. ஒரே ஒரு குழாய்தான் அப்படி என்றால் குழாய்க் கோளாறு. எல்லாக் குழாயிலும் ஒரே வாசனை என்றால் காய்ச்சும் இடத்திலேயே கோளாறு. சாம்பிள் தட்டின் உண்மையான பயன் இதைக் கண்டுபிடிப்பதுதான், கேத்தி சார்.

#9 | கேத்தி_கேரட்

அப்படி வாங்க வழிக்கு. தட்டு ஒன்று, மூன்று பேருக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

#10 | சேரிங்கிராஸ்

அக்கா, கெட்ட வாசனைகளைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா? "இது இப்படித்தான் இருக்கும் சார்" என்று ஊற்றுபவர் சொன்னால் எங்களுக்கு எதிர்ப்பேச்சு வராது.

#11 | வெலிங்டன்_வளைவு

கிளாஸை உள்ளங்கையால் மூடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கையை எடுத்ததும் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை மோந்து பாருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு உடனே பழகிவிடும். ஜில்லென்று இருந்தால் இரண்டு கைக்குள் ஐந்து நிமிடம் வைத்திருங்கள்.

வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசனை, நாக்கில் வழவழப்பு: டயசெட்டில். நொதித்தல் முடியும் தறுவாயில் தொட்டியின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, லாகர் (குளிரில் நொதிக்கும் பீர்) என்றால் 16–18 டிகிரிக்கு, இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்றுவிடும். வார இறுதிக்குத் தொட்டியைக் காலி செய்ய அவசரப்பட்டால் அது மிஞ்சும்.

பச்சை ஆப்பிள், புது பெயின்ட்: அசிட்டால்டிஹைடு. இதுவும் அவசரத்தின் அடையாளம், பீர் பிஞ்சு.

வேகவைத்த சோளம், முட்டைக்கோஸ் வேகும் அடுப்படி: டி.எம்.எஸ். வெளிர் மால்ட்டை நன்றாகக் கொதிக்கவிடாமலோ, மூடிவைத்துக் கொதிக்கவிட்டோ வருவது. பில்ஸ்னரில் துளி இருந்தால் தப்பில்லை, மூக்கைத் துளைத்தால் தப்பு.

நனைந்த அட்டைப் பெட்டி: காற்றுப் பட்டது, பழசு.

ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாசனை: பெரும்பாலும் குழாய்த் தண்ணீரின் குளோரினைக் கார்பன் ஃபில்டரில் எடுக்காமல் காய்ச்சியது. இதற்கு மன்னிப்பே கிடையாது. சில பெல்ஜிய ஈஸ்ட்டும் லேசாக மருந்து வாசனை தரும் என்பதால், விட்டிலோ டிரிப்பெலிலோ வந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பிளாண்டில் வந்தால் சொல்லலாம்.

கேட்கும் முறை ஒன்றுதான். "இது கெட்டுப்போச்சு" என்று ஆரம்பிக்காமல், "இது எந்த பேட்ச், தொட்டியிலிருந்து எப்போ எடுத்தது?" என்று கேளுங்கள். வைசன் மூன்று நான்கு வாரத்துக்குள், ஐ.பி.ஏ. ஒன்றரை மாதத்துக்குள் குடித்தால்தான் அதன் அழகு. ஸ்டவுட் பொறுக்கும். தேதி சொல்லத் தெரிந்த ஆள் இருந்தால் மாற்றித் தரவும் தெரிந்திருக்கும்.

#12 | எப்பநாடு_மூடுபனி

ஏன் எல்லா பப்பிலும் வைசனே முதலில் நிற்கிறது? ருசியா, வியாபாரமா?

#13 | கட்டபெட்டு_காற்று

தொட்டிக் கணக்கு. வைசன் இரண்டு வாரத்தில் ஊற்றத் தயார், வடிகட்டும் வேலையும் இல்லை. நல்ல லாகர் 8–12 டிகிரியில் நொதித்து, அப்புறம் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும், மொத்தம் நாலு முதல் ஆறு வாரம். ஆறு தொட்டி வைத்திருக்கும் பப் ஒன்றை லாகருக்கு ஒன்றரை மாதம் அடைத்துவைத்தால் வாடகைக்கு யார் பதில் சொல்வது? அதனாலேயே ஒரு பப்பில் சுத்தமான பில்ஸ்னர் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாத பீர் அது. ஹாப்ஸ், பழம், மசாலா எதுவும் தப்பை மூடாது. காய்ச்சுபவரின் கை அங்கே தெரிந்துவிடும்.

#14 | கேத்தி_கேரட்

லாகருக்குக் குளிர் வேண்டும் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் காஸில் பிரூவரி 1857லேயே உண்டு. ஐஸ் மெஷின் வராத காலத்தில் தென்னிந்தியாவில் பீர் காய்ச்ச மலைதான் தோது: குளிரும் இருக்கிறது, ஊற்றுத் தண்ணீரும் இருக்கிறது, படகர் நிலங்களில் பார்லியும் விளைந்தது. 1915ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காஸில், நீலகிரி பிரூவரி உட்பட ஐந்தைச் சேர்த்துத்தான் யுனைடெட் பிரூவரீஸ் உண்டானது. இன்றைக்கு பீர் குடிக்க நாம் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறோம்!

#15 | எப்பநாடு_மூடுபனி

பார்லி போய் உருளைக்கிழங்கு வந்தது, உருளை போய் டீ வந்தது. பிரூவரி மட்டும் இருந்து என்ன?

தண்ணீர் விஷயத்தில் ஒரு குறிப்பு. நம் மலைப் பாறை சார்னோக்கைட், அதில் கால்சியம் எளிதில் கரையாது, அதனால் ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. மென்மையான தண்ணீர் வெளிர் லாகருக்குப் பொருந்தும், செக் நாட்டு பில்சன் ஊர்த் தண்ணீரும் அப்படித்தான். கசப்பு பீருக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஜிப்சம் நிறைந்த கடினத் தண்ணீர். பெங்களூரு பப்கள் பெரும்பாலும் தண்ணீரை ஆர்.ஓ. செய்து வெறுமையாக்கிவிட்டு, ஐ.பி.ஏ.வுக்கு ஜிப்சமும் மால்ட் பீருக்கு கால்சியம் குளோரைடும் எடைபோட்டுச் சேர்ப்பார்கள். கேட்டால் பெருமையோடு சொல்வார்கள்.

#16 | சேரிங்கிராஸ்

ஒரு கற்பனைக் கேள்வி. ஊட்டியிலேயே ஒரு பப் வந்தால் அதே ரெசிபி அப்படியே எடுபடுமா?

#17 | வெலிங்டன்_வளைவு

எடுபடாது. ஊட்டி 2,240 மீட்டர், பெங்களூரு 900 சொச்சம். இங்கே தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே 97. (பருப்பு வேகாமல் குக்கரைத் திட்டும் அதே காரணம்.) ஹாப்ஸின் கசப்பு கொதியின் சூட்டில்தான் இறங்கும், ஆகவே அதே கசப்புக்கு ஹாப்ஸ் கூடுதலாகப் போட வேண்டும். மேலே சொன்ன சோள வாசனையும் முழுதாகப் போக 60 நிமிடக் கொதி போதாது, 90 வைக்க வேண்டும்.

ஊற்றும் இடத்திலும் மாறும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பீரிலுள்ள வாயு தப்பிக்கப் பார்க்கும். கடற்கரையில் அழுத்தம் காட்டும் கேஜில் 12 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வைத்தால் சமநிலை என்றால் பெங்களூருவில் 13.5, ஊட்டியில் 15.5 காட்ட வேண்டும். ஏறத்தாழ 2,000 அடிக்கு 1 பி.எஸ்.ஐ. அதை ஏற்றாமல் விட்டால் முதல் நாள் நுரையாகவே வரும், நாலாம் நாள் வாயு போய்ச் சப்பென்று ஆகிவிடும்.

#18 | புதுமுகம்_அதிகரட்டி

அப்போ ஒரு கிட் வாங்கி வீட்டிலேயே 20 லிட்டர் போட்டுப் பார்த்தால்? டிசம்பரில் நம் வீட்டு ஸ்டோர் ரூமே 12 டிகிரிதான் இருக்கும்.

#19 | நெறியாளர்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதே 1937 சட்டத்தில் குற்றம். சொந்தக் குடிக்கு என்ற விலக்கும் கிடையாது. இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

#20 | கட்டபெட்டு_காற்று

அதிகரட்டி தம்பி, ஆசை தீர வேறு வழி இருக்கிறது. பப்பில் கூட்டம் இல்லாத நேரம் போய்க் காய்ச்சும் ஆளைப் பார்த்து, "மால்ட் கொஞ்சம் மென்று பார்க்கலாமா" என்று கேள். வெளிர் மால்ட் வறுத்த பொரி மாதிரி இனிக்கும், கேரமல் மால்ட் கருப்பட்டி, கறுப்பு மால்ட் தீய்ந்த காப்பிக்கொட்டை. அதே மூன்றும் கிளாஸில் எங்கே இருக்கிறது என்று தேடிக் குடித்தால் கிட்டில் ஆறு மாதம் கற்றுக்கொள்வது ஒரு மாலையில் புரிந்துவிடும்.

#21 | கூடலூர்_கேட்

நேரத்துக்கு வருவோம். செவ்வாய், புதன், வியாழன்தான் நல்ல நாள். வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் மேசை கிடைக்காது, பாட்டுச் சத்தத்தில் ஊற்றுபவரிடம் பேச முடியாது. பகல் 12 மணிக்குக் கதவு திறந்ததும் ஓடாதீர்கள். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற பீரை வடித்துக் கொட்டாத இடம் என்றால் அது முதல் வாடிக்கையாளர் கிளாஸுக்குத்தான் வரும். பிற்பகல் 3 முதல் 6 வரை அமைதியான நேரம்.

மெட்ரோ கடைசி வண்டி இரவு 11 மணி வாக்கில். 10.30க்கு ஸ்டேஷனில் இருந்துவிடுங்கள். பப்கள் 1 மணி வரை திறந்திருக்கும் என்பதற்காக உட்கார்ந்தால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்.

டிரை டே, அதாவது மது விற்கக் கூடாத நாள், பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 தெரிந்ததே. தேர்தல் இருந்தால் வாக்குப் பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அடைப்பு. தமிழ்நாட்டின் டிரை டே பட்டியல் வேறு, கர்நாடகப் பட்டியல் வேறு. திருவள்ளுவர் தினத்தில் இங்கே கடை அடைப்பு என்பதால் அங்கேயும் அடைப்பு என்று நினைத்து டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

#22 | சேரிங்கிராஸ்

சாப்பாடு?

#23 | வெலிங்டன்_வளைவு

பசியோடு போகாதே. காரமும் ஐ.பி.ஏ.வும் சேர்ந்தால் காரம் இரட்டிப்பு ஆகும், கசப்பு மிளகாயைத் தூக்கிக் காட்டும். பெப்பர் சிக்கன் ஆர்டர் செய்தால் வைசனோ மால்ட் தூக்கலான சிவப்பு ஏலோ வை. முட்டை, மீன், பன்னீருக்கு விட் சேரும். ஸ்டவுட்டுக்கு சாக்லேட் கேக். நம் வர்க்கி ஸ்டவுட்டோடு அருமையாகச் சேரும், ஆனால் வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். மசாலா கடலையை சாம்பிள் தட்டு முடியும் வரை தள்ளி வை, உப்பும் எலுமிச்சையும் பட்ட நாக்கில் எல்லா பீரும் ஒரே மாதிரிதான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவில் ஐஸ் போடாத தண்ணீர் ஒரு வாய்.

பில் வந்ததும் பார். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும்தான். இரண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் போட்டிருந்தால் திருத்தச் சொல். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022லேயே மத்திய நுகர்வோர் ஆணையம் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். ஊற்றியவர் நன்றாக விளக்கியிருந்தால் அந்தப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடு.

#24 | கேத்தி_கேரட்

திட்டத்தில் ஒயிட்ஃபீல்டு இருக்கிறதா? இ.பி.ஐ.பி. ஜோனில் விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வர்க்ஸ், மேடை போட்டு ஜாஸ் கச்சேரி நடக்கும் இடம். அங்கே போனால் அந்த நாளுக்கு அது ஒன்றே போதும், மெட்ரோ இருந்தாலும் தூரம் தூரம்தான். பழைய மதராஸ் ரோட்டில் கெய்ஸ்ட் இருக்கிறது, பெரிய தொட்டிகளைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் அங்கே. ஆனால் ஸ்டேஷனிலிருந்து வண்டி பிடிக்க வேண்டும். முதல் முறைக்கு இந்திராநகரும் மக்ரத் ரோடும் போதும் என்பது என் கட்சி.

#25 | சேரிங்கிராஸ்

அப்படியானால் இப்படி: புதன் காலை ஊட்டியிலிருந்து பஸ், மாலை 4 வாக்கில் சாட்டிலைட், மெட்ரோவில் இந்திராநகர், ஸ்டேஷன் பக்கத்திலேயே ரூம். பையை வைத்துவிட்டு டாய்ட். தட்டு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒரு 300. வியாழன் காலை கப்பன் பார்க், பிற்பகல் 3க்கு ஆர்பர், வைசன் ஒப்பீடு, ஐ.பி.ஏ. கடைசியில். அன்று மாலை இன்னொரு இடம், பில்ஸ்னர் இருந்தால் மட்டும். வெள்ளி காலை பஸ். ஜாடி கிடையாது.

#26 | கட்டபெட்டு_காற்று

சரியாக இருக்கிறது. ஒரே திருத்தம்: முதல் நாள் எட்டு மணி நேர பஸ்ஸில் குலுங்கி இறங்கியதும் குடிக்காதே. கல்லட்டியோ கூடலூரோ, வளைவில் இறங்கிய வயிற்றுக்கு இரண்டு மணி நேரமாவது கொடு. டாய்ட்டுக்கு 6.30க்குப் போ, புதன்கிழமைதானே, மேசை கிடைக்கும்.

#27 | கூடலூர்_கேட்

வெள்ளி ரிட்டர்ன் டிக்கெட்டில் ஏறும் இடம் சாட்டிலைட் என்று போடு. மெஜஸ்டிக் (நகர நடுவிலுள்ள பெரிய பஸ் நிலையம்) என்று போட்டால் அதே பஸ்ஸுக்கு அரை மணி முன்னாடியே போய் நிற்க வேண்டும். காலை வண்டியே எடு. மதியத்துக்கு மேல் கிளம்பும் வண்டியில் ஏறினால் பந்திப்பூர் கேட் மூடுவதற்குள் போகுமா என்று வழி முழுக்க மணியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கும்.